நிஜாமுதீன் பாலத்தில் நின்றுபோன கியர்

காலை ஆறே முக்கால் மணி. கிழக்கு தில்லியின் வாகனங்களெல்லாம் நகருக்குள் நுழைய நிஜாமுதீன் பாலத்தில் முட்டி மோதிக்கொண்டிருக்கும் நேரம். பாலத்துக்கு ஏறும் சரிவில் 68 வயதுக்காரர் ஒருவர் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கிறார். கையில் இருப்பது சாதாரண சைக்கிள் அல்ல. ஒரு நல்ல ஸ்கூட்டரை விட விலை அதிகம். மோட்டார் உண்டு, பேட்டரி உண்டு, கைப்பிடியில் சின்னதாக ஒரு திரையும் உண்டு. பேட்டரியில் 80 சதவீதம் மின்சாரம் இருப்பதாகத் திரை சொல்கிறது. டயரில் காற்று இருக்கிறது. செயின் அறுந்துபோகவில்லை. ஆனால் கியர் மட்டும் மாறவில்லை. வலது கட்டைவிரலால் பொத்தானை அழுத்துகிறார். மறுபடி அழுத்துகிறார். லிஃப்ட் வராத அடுக்குமாடிக் கட்டடத்தில் நிற்பவரைப் போல மூன்றாவது தடவையும் அழுத்துகிறார். ஒன்றும் நடக்கவில்லை.

செயின் மாட்டிக்கொண்டிருந்தது இருப்பதிலேயே கனமான கியரில். சமதளத்தில் விரைவாகப் போகும்போது போடுகிற கியர் அது. ஏற்றத்தில் அதை மிதிப்பது என்றால் தேய்ந்துபோன முழங்காலில் உடம்பின் பாரம் முழுவதையும் இறக்க வேண்டும். பின்னால் ஒரு பஸ் பொறுமையிழந்து ஹாரன் அடித்தது. அவர் ஓரமாக ஒதுங்கி, சைக்கிளைத் தள்ள ஆரம்பித்தார். லோதி சாலைப் பக்கம் இருக்கும் பார்வையற்றோர் பள்ளிக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது வகுப்பு முடிய பத்து நிமிடம்தான் பாக்கி. பத்தாம் வகுப்புக் கணக்குச் சொல்லித் தர வாரத்தில் மூன்று நாள் சம்பளமில்லாமல் போகிறார். தேர்வுக்கு ஐந்து மாதம்தான் இருந்தது. வராந்தாவில் காத்திருந்த பையன் ஒருவன் கேட்டான்: "சார், இன்றைக்கு சைக்கிளைத் தள்ளிக்கொண்டா வந்தீர்கள்? மிதித்து வருகிற சத்தம் கேட்கவில்லையே?"

அன்று மாலை முழங்கால் வீங்கியது. மயூர் விஹாரில் உள்ள அந்த மூன்றாம் மாடி வீட்டில் ஒத்தடமும் ஒரு தீர்ப்பும் தயாராக இருந்தன. "போதும்ங்க. இனிமே ஆட்டோவுல போங்க. இல்லேன்னா போகவே வேண்டாம்" என்றார் மனைவி. குருகிராமிலிருந்து போனில் பேசிய மகளும் அதையே சற்று மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, நான் தினமும் டாக்ஸி புக் பண்ணிடறேன்." அவர் பதில் சொல்லவில்லை. 46 வருடங்களாக தில்லியில் தன் காலால் போய்த் தன் காலால் வந்தவர். பின் சீட்டில் உட்கார வைக்கப்படும் நாள் வந்துவிட்டதோ என்ற பயம் அவருக்கு முழங்கால் வலியை விடப் பெரிதாக இருந்தது.

1979இல் 22 வயதில் ஊரிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்து இறங்கிய மத்திய அரசு எழுத்தர் அவர். முதல் சம்பளத்தில் பழைய தில்லி எஸ்பிளனேடு சாலை சைக்கிள் கடைகளில் அலைந்து ஒரு அட்லஸ் சைக்கிள் வாங்கினார். கறுப்பு நிறம், இரட்டை பார், கியர் கிடையாது. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸிலிருந்து நார்த் பிளாக்குக்கு அதில்தான் போய்வந்தார். ஓய்வு பெறும்வரை அதில் அவர் மாற்றியவை டயர், டியூப், செயின், பிரேக் கட்டை, சீட் என்று ஒரு கையில் எண்ணிவிடக் கூடியவை. எல்லாமே தெருவோரத்தில், அவர் கண் முன்னால், கால் மணி நேரத்தில் முடிந்த வேலைகள். தில்லிக்குப் பக்கத்தில் சாகிபாபாதில் இருந்த அந்த நிறுவனத்தின் ஆலை 2020 ஜூன் 3ஆம் தேதி மூடப்பட்டது. அன்றைக்கு உலக சைக்கிள் தினம்! செய்தியைப் படித்த அன்று பால்கனியில் நின்ற பழைய சைக்கிளை அவர் ஒருமுறை துடைத்து வைத்தார்.

மின்-சைக்கிள் வந்தது மகளின் பரிசாக. காரணமும் நியாயமானது. முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கு அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டுமானால் தொடைத் தசைக்கு வேலை கொடுங்கள், சைக்கிள் நல்லது, ஆனால் பாரம் கூடாது என்றார் டாக்டர். பாரத்தை மோட்டார் பார்த்துக்கொள்ளும். மின் கியர் வைத்ததையே மகள் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் இருந்தது. அப்பாவின் கட்டைவிரல் மூட்டிலும் அதே தேய்மானம். கம்பி இழுக்கும் கியரில் நெம்புகோலை விரலால் நன்றாக அழுத்தித் தள்ள வேண்டும். மின் கியரில் காலிங் பெல் அடிப்பதுபோல் தொட்டால் போதும்.

ஓட்டிப் பார்த்த முதல் வாரத்திலேயே அவருக்குச் சைக்கிள் பிடித்துப்போயிற்று. தில்லியில் மலை என்று சொன்னால் அது மேம்பாலம்தான். ரிட்ஜ் பகுதியை விட்டால் நகரம் பெரும்பாலும் சமதளம். ஆனாலும் வயதான காலுக்கு ஒவ்வொரு மேம்பாலமும் ஒரு பழனி மலை. அந்த ஏற்றங்களைப் புதுச் சைக்கிள் இல்லாமல் ஆக்கிவிட்டது. ஆறே மாதத்தில் மாடிப்படியைக் கைப்பிடி பிடிக்காமல் ஏறினார். லைசென்ஸ் வேண்டாம், பதிவு எண் வேண்டாம். மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டு, எடையும் வரம்புக்குள் இருந்தால் இந்தியச் சட்டப்படி அது மோட்டார் வாகனமே அல்ல. தில்லி அரசே 2022 ஏப்ரலில் இந்த வகைக்கு மானியம் அறிவித்தது. முதல் 10,000 மின்-சைக்கிள்களுக்கு ரூ. 5,500 வரை, அதில் முதல் ஆயிரம் பேருக்குக் கூடுதலாக ரூ. 2,000. வாங்க வைப்பதற்குத் திட்டம் இருந்தது. வாங்கிய பிறகு யார் பழுது பார்ப்பார்கள் என்ற கேள்விக்குத்தான் தெருவில் விடை இல்லை.

முதல் கோளாறு ஜூலை மழையில் வந்தது. பொத்தானை அழுத்தினால் சில சமயம் கியர் மாறும். சில சமயம் மாறாது. இன்னும் சில சமயம் மிதிக்கும் காலைத் திடுக்கிட வைத்து இரண்டு கியர் சேர்த்து மாறும். "முழுசாகக் கெட்டிருந்தால்கூட கவலை இல்லை. எப்போது கெடும் என்று தெரியாததுதான் பயம்" என்கிறார் அவர். விற்ற கடையில் சைக்கிளை மூன்று வாரம் வைத்திருந்தார்கள். மடிக்கணினியை இணைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "சிஸ்டத்தில் எரர் எதுவும் காட்டவில்லை சார்." கடையின் ஏ.சி. அறையில் சைக்கிள் உலர்ந்து போயிருந்தது. உலர்ந்த சைக்கிள் ஒழுங்காகத்தான் ஓடும்! வீட்டுக்கு வந்து இரண்டாவது மழையில் பழைய கதை.

இந்தக் கியர் வேலை செய்யும் விதத்தைக் கேட்டால் சிக்கல் எங்கே என்பது புரியும். சாதாரண சைக்கிளில் கைப்பிடியிலிருந்து பின் சக்கரம்வரை ஒரு கம்பி ஓடுகிறது. விரல் தள்ளும் தூரத்துக்குக் கம்பி இழுபடும். பின் சக்கரத்தின் அருகே தொங்கும் கியர் கை அந்த அளவுக்கு நகர்ந்து, செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளும். மின் கியரில் கம்பிக்குப் பதில் மெல்லிய ஒயர். அதில் போவது விசை அல்ல, செய்தி. செய்தி கிடைத்ததும் கியர் கைக்குள் இருக்கும் பொடி மோட்டார் சுழன்று கையை நகர்த்தும். கம்பி நாளடைவில் நீளும், துரு ஏறும். ஒயர் நீளாது. சரியாக அமைத்துவிட்டால் ஆயிரம் தடவையும் ஒரே அளவுக்கு நகரும். இதுதான் அதன் பெருமை.

மின்-சைக்கிளில் இன்னொரு வேலையும் சேர்கிறது. நிதானமாக மிதிக்கும் ஒருவரின் கால் தருவது நூறு வாட் அளவுக்குச் சக்தி. பெடலுக்கு நடுவே பொருத்திய மோட்டாரும் அதே செயினைத்தான் இழுக்கிறது. ஆக, ஒருவருக்காகப் பழகிய செயினை இரண்டு, மூன்று பேர் சேர்ந்து மிதிப்பதாகக் கணக்கு. இவ்வளவு இழுவையில் இருக்கும் செயினைப் பல்சக்கரம் மாற்றினால் 'கடக்' என்று அதிரும், பல் தேயும், சில சமயம் செயினே அறுந்துவிடும். அதனால் கியர் மாறும் நொடியில் மட்டும் மோட்டார் தன் இழுவையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பொத்தான், கியர் கை, மோட்டார், இவற்றைக் கட்டி மேய்க்கும் கணினிச் சில்லு ஆகிய நான்கும் ஒரே தாளத்தில் பேசிக்கொண்டால்தான் இது நடக்கும். அவற்றுக்கிடையே செய்தி கொண்டுபோகும் கனெக்டரில் ஒரு சொட்டுத் தண்ணீர் புகுந்தால் தாளம் தப்பும். மின்சாரமும் பிரதான பேட்டரியிலிருந்தே வருவதால், பேட்டரியைக் கழற்றிவிட்டால் மோட்டார் மட்டுமல்ல, கியரும் இல்லை.

தண்ணீருக்கும் மின் கியருக்கும் உள்ள பகை புதிதல்ல. பிரான்சின் மாவிக் நிறுவனம் 1990களின் தொடக்கத்திலேயே பந்தய சைக்கிள்களுக்கு மின் கியர் கொண்டுவந்தது. மழையில் நனைந்தால் நம்ப முடியாது என்ற பெயரோடு அது மறைந்தது. 1999இல் அதே நிறுவனம் ஒயரே இல்லாத கியரைக் கொண்டுவந்து பார்த்தது. அதுவும் நிலைக்கவில்லை. 2009இல் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் ஒயர் வைத்த மின் கியரை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான் பந்தய வீரர்கள் அதை நம்ப ஆரம்பித்தார்கள். பிறகு ஒயரில்லாத கியர்களும் ஊன்றிக்கொண்டன. அவற்றுக்கு வேறு விதமான தலைவலி. ஷிமானோவின் ஒயரில்லாக் கியர் அனுப்பும் சமிக்ஞையைப் பதிவு செய்து, சுமார் 10 மீட்டர் தூரத்திலிருந்து திருப்பி அனுப்பி, அடுத்தவர் சைக்கிளின் கியரை மாற்றிக்காட்ட முடியும் என்று அமெரிக்கப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2024 ஆகஸ்டில் நிரூபித்தார்கள். நிறுவனம் அதற்கு மென்பொருள் திருத்தம் வெளியிட்டது.

பந்தய வீரருக்குப் பின்னாலேயே காரில் மெக்கானிக் வருவார். மயூர் விஹார்க்காரருக்குப் பின்னால் வருவது பஸ்தான். அவருக்கு இருக்கும் ஒரே மெக்கானிக், குடியிருப்பு வாசலுக்கு எதிரே வேப்ப மரத்தடியில் தகரப் பெட்டியும் காற்றடிக்கும் பம்பும் வைத்திருக்கும் பீகார்க்காரர். மதுபனி பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து இருபது வருடமாக அதே மரத்தடியில் இருப்பவர். மின்-சைக்கிளை முதன்முதலில் பார்த்தபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்றி வந்தார். "அங்கிள்ஜி, இதில் நான் கை வைக்க இடமே இல்லையே" என்றார் இந்தியில். பஞ்சர் ஒட்டுவார், பிரேக் சரிபார்ப்பார். ஒயர் இருக்கும் பக்கம் போக மாட்டார். "கெட்டுப்போனால் என் தலையில் விழும். என் ஒரு வருடச் சம்பாத்தியம் போனாலும் தீராது" என்பது அவர் வாதம்.

ஆனால் ஜூலைக் கோளாறுக்குக் காரணத்தைக் கண்டுபிடித்தது அவர்தான். "மழை ஊருக்கெல்லாம் பெய்கிறது. உங்கள் சைக்கிள் மட்டும் ஏன் இவ்வளவு ஈரம்?" என்று கேட்டார். குடியிருப்பில் கார் கழுவும் பையன், பெரியவர் மேல் உள்ள மரியாதையில், தினமும் விடியற்காலையில் சைக்கிளையும் கழுவி வைத்துக்கொண்டிருந்தான். குழாயின் வாயை விரலால் அடைத்துப் பீச்சியடித்து! அழுத்தத்தோடு தண்ணீர் அடிக்காதீர்கள் என்று இந்த வகைச் சைக்கிள்களோடு வரும் கையேடுகள் எச்சரிக்கின்றன. பையன் கையேட்டைப் பார்த்ததில்லை. வாங்கியவரும் படித்ததில்லை.

அடுத்த நாள் மெட்ரோவில் நேரு பிளேஸுக்குப் போய், லேப்டாப் பழுது பார்க்கும் இளைஞர் ஒருவரிடம் போனில் எடுத்த படங்களைக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்த இளைஞர் கனெக்டரைக் கழற்றினார். உள்ளே ஊசி முனை போன்ற தொடுமுனைகளில் பச்சைப் பாசி மாதிரிக் களிம்பு. ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, மின்சாரம் கடத்தாத கிரீஸை இலேசாகத் தடவி, மறுபடி அழுத்திச் செருகினார். இருபது நிமிட வேலை. மரத்தடிக்காரர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு அசைவையும் பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் மூன்று வாரம் கிடந்தும் தீராத வியாதி அன்றைக்குத் தீர்ந்தது. இனி அது உத்தரவாதக் காலத்துச் சைக்கிளாகக் கருதப்படுமா என்று கடைக்காரரைக் கேட்க மட்டும் அவருக்குத் துணிவு வரவில்லை.

செப்டம்பரில் பாலத்தில் நேர்ந்தது இரண்டாவது கோளாறு. இந்தத் தடவை சில சமயம் என்ற பேச்சே இல்லை. கியர் அசையவே இல்லை. நேரு பிளேஸ் இளைஞர் மீட்டர் வைத்துப் பார்த்தார். "கரன்ட் ஒழுங்காகப் போகிறது அங்கிள். கியருக்குள்ளே இருக்கிற மோட்டார் செத்திருக்கலாம்" என்றார். கடையில் கேட்டார்கள், புதிய கியர் கை வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், ஆறு வாரம் ஆகும், விலையைத் தனியாகச் சொல்கிறோம் என்றார்கள். சொன்ன விலையில் ஒரு காலத்தில் அவர் வாங்கியது போன்ற சைக்கிள் நாலைந்து வாங்கலாம். பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கு அரையாண்டுத் தேர்வு அதே ஆறு வாரத்துக்குள் வந்துவிடும்.

இப்படிப் பட்ட அனுபவத்துக்கு அவர் முதல் ஆள் அல்ல. விற்பனையாகும் புதுச் சைக்கிள்களில் சுமார் பாதி மின்-சைக்கிள்களாகிவிட்ட நாடு நெதர்லாந்து. அங்கே ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த வான்மூஃப் நிறுவனம், பொத்தான்கூட இல்லாமல் தானாகவே கியர் மாற்றும் மின்-சைக்கிள்களை விற்றது. பார்க்க அழகானவை, போன் மூலம் பூட்டித் திறப்பவை. பாகங்கள் பெரும்பாலும் அந்த நிறுவனத்துக்கென்றே செய்யப்பட்டவை. அதனால் பக்கத்துத் தெரு மெக்கானிக்கால் தொட முடியாது. திரும்பத் திரும்ப வந்த பழுதுகளை உத்தரவாதத்தில் சரிசெய்து கொடுத்தே நிறுவனத்தின் பணம் கரைந்தது. 2023 ஜூலையில் அது திவாலானது. நிறுவனத்தின் கணினிகள் நின்றுபோனால் தங்கள் சைக்கிளே திறக்காதோ என்று வாங்கியவர்கள் பதறினார்கள். பூட்டின் மின்சாவியை முன்கூட்டியே பிரதி எடுத்து வைத்துக்கொள்ள, பெல்ஜியத்தின் போட்டி நிறுவனம் ஒன்று உதவிக்கு வந்தது. வான்மூஃபை வேறு நிறுவனம் வாங்கியது பிற்பாடு.

தில்லிக்கே இதில் பழைய பாடம் ஒன்று உண்டு. 2008 அக்டோபர் 2ஆம் தேதி, காந்தி ஜயந்தியன்று, சாந்தினி சௌக்கில் 'சோலெக்‌ஷா' என்ற மின் சைக்கிள் ரிக்‌ஷா ஆரவாரத்தோடு அறிமுகமானது. துர்காபூரில் உள்ள மத்திய அரசின் இயந்திரப் பொறியியல் ஆய்வுக்கூடம் வடிவமைத்தது. ரிக்‌ஷாக்காரர் மிதிப்பார், சூரிய ஒளியில் சார்ஜ் ஏற்றிய பேட்டரி கைகொடுக்கும். 2010 காமன்வெல்த் விளையாட்டுக்கு வரும் வெளிநாட்டினரை அது சுமக்கும் என்றார்கள். நல்ல எண்ணம், நல்ல பொறியியல். ஆனால் தில்லித் தெருவைப் பிடித்தது அது அல்ல. யாரும் நாடா வெட்டித் தொடங்கி வைக்காத இ-ரிக்‌ஷா! சீன உதிரிப் பாகங்களை வாங்கிச் சந்துக்குச் சந்து பூட்டிய வண்டி அது. 2014 ஜூலை 31ஆம் தேதி உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 2015இல் நாடாளுமன்றம் மோட்டார் வாகனச் சட்டத்தையே திருத்தி அதற்கு இடம் கொடுத்தது. அதன் பிரேக்கையும் பாதுகாப்பையும் பற்றி எத்தனையோ குறை சொல்லலாம். ஆனால் பெரும்பாலான இ-ரிக்‌ஷாக்களில் மாற்றுவதற்குக் கியரே கிடையாது. கெட்டது எதுவானாலும் அடுத்த சந்தில் சரிசெய்ய ஆள் உண்டு. பிழைப்பு அதில் இருப்பவனுக்கு அதுதான் முக்கியம்.

வேப்ப மரத்தடியில் மயூர் விஹார்க்காரர் இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். மரத்தடிக்காரரிடம் ஒரு யோசனை இருந்தது. ஜண்டேவாலான் சைக்கிள் சந்தையில் கம்பி இழுக்கும் கியர் கிடைக்கும். கியர் கை, கம்பி, கைப்பிடி நெம்புகோல் எல்லாம் சேர்த்தாலும் கடை சொன்ன விலையில் சிறு பங்குதான். "கெட்டால் நான் இருக்கிறேன் அங்கிள்ஜி." சரிதான். ஆனால் கம்பி கியருக்கு மாறினால், கியர் மாறும் நொடியை மோட்டாருக்குச் சொல்ல ஆள் இருக்காது. அதற்கென்று தனிக் கருவி பூட்ட வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் மிதிப்பதை ஒரு கணம் தளர்த்தி, அவரே மோட்டாரை ஓய வைக்க வேண்டும். அதுகூடப் பழகிவிடலாம். நெம்புகோலைத் தள்ள வேண்டிய கட்டைவிரலை என்ன செய்வது? பழைய சைக்கிள் ஒன்றின் நெம்புகோலைத் தள்ளிப் பார்த்தார். நாலாவது தடவை வலி மணிக்கட்டுவரை ஏறியது. முழங்காலைக் காப்பாற்ற விரலைக் கொடுப்பதா என்ற கேள்வியோடு வீட்டுக்கு நடந்தார்.

விடை வந்தது சனிக்கிழமை. சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த மரத்தடிக்காரர் கியர் கையின் வெளிப்பக்கத்தில் புதிய சிராய்ப்பு ஒன்றைக் காட்டினார். "இது விழுந்திருக்கிறது அங்கிள்ஜி. வலது பக்கமாக விழுந்திருக்கிறது." விசாரித்ததில், பாலத்தில் நின்றுபோன நாளுக்கு முந்தின இரவு காவலாளியின் ஸ்கூட்டர் இடித்துச் சைக்கிள் சாய்ந்தது தெரியவந்தது. காவலாளி நிமிர்த்தி வைத்துவிட்டுப் பயத்தில் சொல்லாமல் இருந்துவிட்டார். மரத்தடிக்காரர் கியர் கையைப் பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். வளையவில்லை. "உடைந்தது மாதிரித் தெரியவில்லை. கோபித்துக்கொண்டது மாதிரித் தெரிகிறது" என்றார்.

அன்று மாலை மகள் வந்தாள். 'விழுந்தது' என்ற ஒரு சொல் கிடைத்ததும் அவள் கையேட்டைப் போனில் திறந்து, பலமான இடி பட்டால் என்ன ஆகும் என்று தேடினாள். இருந்தது. கியர் கையில் பலமாக அடி விழுந்தால் உள்ளே இருக்கும் மோட்டார் நொறுங்கிவிடாமல் இருக்க, மோட்டாருக்கும் கைக்கும் உள்ள பிணைப்பு தானாகவே விலகிக்கொள்ளும். அதன் பிறகு கியர் மாறாது. மறுபடி சேர்க்க, குறிப்பிட்ட பொத்தானை ஐந்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்துவிட்டுப் பெடலைச் சுற்ற வேண்டும். அவ்வளவுதான்.

மரத்தடிக்காரர் பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தார். மகள் பொத்தானை அழுத்தினாள். பெரியவர் குனிந்து பெடலைக் கையால் சுற்றினார். 'ஜ்ஜிக்' என்று ஒரு சின்னச் சத்தம். செயின் ஒரு பல்சக்கரம் ஏறியது. இன்னொன்று. இன்னொன்று. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மகள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "ஐந்து விநாடி வேலை. இதற்கா நான் பாலத்தில் இறங்கி நடந்தேன்?" என்றார். செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட கியர் சாகவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் ஒதுங்கி நின்றது. அதைச் சொல்ல அதற்கு வாய் இல்லை. விற்றவர்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

பொருளை வாங்கியவருக்குப் பழுது பார்க்கும் வழியும் தெரிய வேண்டும் என்பது இன்று உலகெங்கும் எழும் குரல். இந்தியாவிலும் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் ஒரு குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று பழுது பார்க்கும் உரிமைக்கான இணையதளம் ஒன்றைத் தொடங்கியது. வேளாண் கருவிகள், செல்போன்கள், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகள் அதில் அடங்கும். மோட்டார் வாகனமே அல்ல என்று சட்டம் சொல்லும் மின்-சைக்கிள் இதில் எந்தத் தலைப்பில் சேரும் என்பதை யோசிக்க வேண்டியதுதான். அந்தக் கையேட்டுப் பக்கம் மட்டும் இந்தியிலும் தமிழிலும் இருந்திருந்தால் இந்த வீட்டில் ஒரு வாரத்து நிம்மதி மிஞ்சியிருக்கும்.

அவர் ஓய்வு பெற்ற அரசு எழுத்தர். செய்ய வேண்டியதைச் செய்தார். ஒரு வெள்ளைத் தாளில், கோடு போட்டு, இந்தியில் நான்கு வரிகள் எழுதினார். தண்ணீர் பீச்சாதே. கனெக்டரைத் துடை. விழுந்தால் பொத்தானை ஐந்து விநாடி பிடித்துப் பெடலைச் சுற்று. இத்தனையும் செய்து மாறாவிட்டால் மட்டும் கடைக்குப் போ. இரண்டு பிரதி எடுத்து பிளாஸ்டிக் உறை போட்டார். ஒன்று சீட்டுக்குக் கீழே பையில். இன்னொன்று மரத்தடிக்காரரின் தகரப் பெட்டி மூடியின் உட்புறத்தில், அனுமார் படத்துக்குப் பக்கத்தில். கம்பி கியருக்கு மாறும் யோசனை கிடப்பில் இருக்கிறது. விலைப் பட்டியலை மட்டும் வாங்கி வைத்திருக்கிறார்.

மனைவியின் தீர்ப்பும் திருத்தப்பட்டது, நிபந்தனைகளோடு. வெளியே கிளம்பும் முன் கீழேயே எல்லாக் கியரையும் ஒருமுறை மாற்றிப் பார்க்க வேண்டும். பால்கனியிலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருப்பார். கணவரும் தன் பங்குக்கு ஒரு பழக்கத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். பாலத்தின் ஏற்றம் தொடங்குவதற்கு நூறு அடி முன்னாலேயே இலேசான கியருக்கு இறக்கிவிடுகிறார். அதற்குப் பிறகு கியர் மாறாமல் போனாலும் பாலத்தை மிதித்தே கடந்துவிடலாம். மெதுவாகத்தான் போக முடியும். பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும். அடித்துக்கொள்ளட்டும் என்கிறார். ஏழு மணிக்குப் பள்ளி வராந்தாவில் பையன்கள் காது கொடுத்துக் காத்திருப்பார்கள்.